பரமற்றா ஆற்றங்கரையில் கண்ணாக்காடு

சிட்னியில் வாழும் எம்மவர்க்கு ஹோம்புஷ் என்றதும் நினைவுக்கு வருபவை எமது மரக்கறிக் கடைகளும் ஒலிம்பிக் மைதானமுந்தான். அந்த மைதானத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பரமற்றா ஆறு வளைந்து குடாவாகும் இடத்தில், ஒரு கண்ணாக்காடு நிற்கிறது. மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து குனிந்து நண்டு பார்க்கிறார்கள். விளம்பரப் பலகையில் அதன் பெயர் 'பாடு மான்குரோவ்ஸ்' என்றிருக்கிறது. 'பாடு' என்பது தாருக் மொழியில் தண்ணீர். எமது கரையோரங்களில் மீன்பிடித் துறையைப் 'பாடு' என்பார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நாம் சொல்லவரவில்லை. சொல்லாராய்ச்சியில் இறங்கிக் குமரிக்கண்டம்வரை போய்வரும் ஆசை எம்மவர் பலருக்கு உண்டு, அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். ஒலி ஒன்றாக இருப்பது காதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் மரம் ஒன்றுதான் என்பது வெறும் ஒலி ஒற்றுமையல்ல. நாவற்குழியிலும் மண்டைதீவிலும் சரசாலையிலும் நாம் கண்ணா என்று அழைத்த மரமும், ஹோம்புஷ் குடாவில் நிற்கும் மரமும், மெல்பேணுக்குத் தெற்கே வெஸ்டேர்ன் போர்ட் சேற்றில் நெஞ்சளவு உயரத்துக்கு நிற்கும் பற்றையும் ஒரே இனம். தாவரவியலாளர் அதற்கிட்ட பெயர் அவிசீனியா மரீனா. அவிசென்னா என்று ஐரோப்பியர் அழைத்த இப்னு சீனா என்ற மருத்துவ மேதையின் பெயரை லின்னேயஸ் இந்தச் சாதிக்குச் சூட்டினார். தமிழ்நாட்டு நூல்களில் அலையாத்தி என்றும் வெண்கண்டல் என்றும் எழுதுவார்கள். செங்கடலிலிருந்து நியூசிலாந்துவரை பரந்து நிற்கும் இம்மரம், இங்கே ஓர் உள்ளினமாகக் கணிக்கப்படுகிறது. கிளைகளைக் கண்டால் ஊர்க்காரனுக்கு அடையாளம் தெரிந்துவிடும்: அடியில் சாம்பல் பூத்த இலை, இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு, மரத்தைச் சுற்றி மண்ணிலிருந்து பென்சில்கள்போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்கள்.

மூச்சுவேர் ஏன் வந்தது என்பதை விளங்கிக்கொள்வது இக்கட்டுரைக்கு அவசியம். களிச்சேற்றுக்குள் காற்று இல்லை. மற்ற மரங்களின் வேர் அங்கே மூச்சடைத்துச் சாகும். கண்ணா தன் வேரிலிருந்து நுண்துளைகள் கொண்ட கூர்களை மேலே அனுப்பி, வற்று நேரத்தில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே பெருக்கு வந்தாக வேண்டும், வற்றும் வந்தாக வேண்டும். தண்ணீர் வராமல் மறித்தாலும் மரம் சாகும்; வந்த தண்ணீர் வடியாமல் நின்றாலும் சாகும். வேர்க்கூர்களைச் சேறோ எண்ணெயோ மூடினாலும் சாகும். இந்த மரத்தை வெட்டத்தான் வேண்டுமென்றில்லை. ஒரு வீதியைக் குறுக்கே போட்டு மதகை மறந்துவிட்டால் போதும். எமது ஊர்களில் தாம்போதிகளுக்கு அருகே பட்ட மரங்கள் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

சிட்னியில் கண்ணாவுடன் இன்னொரு சிற்றினமும் ஆற்றோரங்களில் வளர்கிறது. தெற்கே போகப்போகக் குளிர் அதை வெட்டிவிடுகிறது. விக்டோரியாவில் கண்ணா மட்டுந்தான். உறைபனி இதன் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக் குமிழ்களை உண்டாக்கி மரத்தை வறட்சியால் கொல்லக்கூடியது. எனவே தெற்கில் மரம் குறுகிப் பற்றையாகிறது. வில்சன்ஸ் புரொமொன்ரறிக்கு அருகே, கோர்னர் இன்லெற் என்ற குடாவில், தென் அகலக்கோடு 38 பாகை 54 கலை அளவில் நிற்பவையே உலகின் தென்கோடிக் கண்டல்கள். வெப்ப நாட்டு மரமொன்று எவ்வளவு தூரம் குளிருக்குள் போய்த் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அதுதான் எல்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். பரமற்றா ஆற்றின் தென்கரை வங்கல் மக்களுடைய நிலம். கண்ணாவின் வைரமான மரத்தில் கேடயம் செய்தார்கள். தண்ணீரில் ஊறிய மரத்தைத் துளைத்து வாழும், புழுப்போல் நீண்ட ஒரு சிப்பியினத்தை எடுத்து உண்டார்கள். அதன் பெயர் 'கோப்ரா' அல்லது 'கப்ரா'. ஜோர்ஜஸ் ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த கப்ரகல் குலத்தார் அப்புழுவை உண்டதால் அப்பெயர் பெற்றனர் என்றும், இன்றைய கபிரமற்றாவின் பெயர் அதிலிருந்தே பிறந்தது என்றும் சொல்வார்கள். கபிரமற்றாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் அது திரும்பவும் வரும்.

1788இல் கப்பல்கள் வந்து சேர்ந்தபோது பரமற்றா ஆற்றின் கரையெல்லாம் அடர்ந்த கண்டற்காடாக இருந்தது என்றுதான் நாமெல்லாம் எண்ணுவோம். ஆதியில் காடு, பிறகு வெள்ளையர், பிறகு அழிவு: கதை அப்படித்தான் போகவேண்டும். ஆனால் லினெற் மக்லோக்லின் என்ற ஆய்வாளர் பழைய வரைபடங்களையும் நில அளவையாளரின் குறிப்புகளையும் பயணிகளின் எழுத்துகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1788 முதல் 1940 வரையான பரமற்றா ஆற்றின் ஈரநிலங்களைப் பற்றி 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் தெரிவது வேறு கதை. அந்நாளில் ஆற்றங்கரையில் பெரும்பாலும் இருந்தவை உப்புச் சதுப்புகள்: எமது உமரிபோன்ற பூண்டுகளும் கோரையும் வளரும் வெளிகள். கண்ணா இருந்தது, ஆனால் குறைவாக. குடியேறியோர் மேட்டுக் காடுகளை வெட்டி உழுதார்கள். மழை மண்ணை ஆற்றுக்குக் கொண்டுவந்தது. ஆற்றில் புதிய சேற்றுத்திட்டுகள் உண்டாயின. அந்தச் சேற்றில் கண்ணா குடியேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அது மேலாற்றை நோக்கி ஏறத் தொடங்கியது. ஆக, இன்று 'இயற்கைக் காடு' என்று நாம் பலகைப் பாதையில் நின்று வியக்கும் மரங்களில் ஒரு பகுதி, குடியேற்ற நிலத்தின் அரிப்பிலிருந்து பிறந்தது. இதனால் அம்மரங்களின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. வரலாறு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது தொல்லை கொடுக்கும்.

வந்தவர்கள் கண்ணாவை வேறொரு காரணத்துக்காகவும் தேடினார்கள். அதன் சாம்பலில் சோடா உண்டு. அச்சோடாவையும் ஆட்டுக் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரம். ஆட்டு மந்தை பெருகிய குடியேற்ற நாட்டில் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. 1840களில் வெஸ்டேர்ன் போர்ட்டின் கரையில் கண்ணாவை வெட்டிக் குவித்து எரித்துச் சாம்பலைச் சவர்க்காரத் தொழிலுக்கு அனுப்பினார்கள். மெல்பேண் நகரம் தொடங்கிப் பத்தாண்டுகூட முழுமையாக ஆகாத காலம் அது. நியூ சவுத் வேல்ஸில் கண்டல் கிளைகள் இன்னொரு பயனும் தந்தன. கிளைகளை வெட்டிக் கழிமுகங்களில் நட்டு, அவற்றில் சிப்பிக் குஞ்சுகளைப் பிடித்து வளர்த்தார்கள். சிட்னி பாறைச்சிப்பி என்று இன்று உணவகங்களில் விலைபேசும் பண்டத்தின் வளர்ப்புத்தொழில் இந்தக் கழிகளின் மேலேதான் வளர்ந்தது. எமது ஊரிலும் கண்டற்பட்டையை அவித்த சாயத்தில் பருத்தி வலையைத் தோய்த்தார்கள். நைலோன் வந்தபின் அது நின்றது. வெட்டிப் பயன்படுத்தியவர்கள் கண்டலை அழித்தார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவது சரியல்ல. பயன் தெரிந்தவன் அடியோடு அழிக்கமாட்டான். அழிவு வந்தது பயன் தெரியாதவர்கள் கையில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் நகரத்தார் கண்களுக்குக் கண்டல் வெறும் சேறு, நாற்றம், நுளம்பு, காய்ச்சல். அதை 'மீட்பது' நற்பணி. ஆங்கிலத்தில் கடலை நிரப்புவதற்குச் சொல்லும் சொல், இழந்ததைத் திரும்பப் பெறுவது என்ற பொருளில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். நிரப்பும் முறையும் எளிது: கரையோரமாக ஒரு சுவர் கட்டு, சுவருக்கு உள்ளே நகரத்துக் குப்பையைக் கொட்டு, மேலே மண் போடு, புல் விதை, அதன் பெயர் விளையாட்டு மைதானம். பரமற்றா ஆற்றின் கிளைக்குடாக்களிலும், குக்ஸ் ஆற்றிலும், ஜோர்ஜஸ் ஆற்றிலும் எத்தனையோ கிரிக்கெற் மைதானங்கள் இப்படிப் பிறந்தன. சனிக்கிழமைகளில் எம் பிள்ளைகள் ஓடி விளையாடும் புல்வெளிகள் சிலவற்றின் கீழே கண்ணா வேரும் பழைய போத்தல்களும் கிடக்கின்றன.

ஹோம்புஷ் குடாவுக்கு வாய்த்தது இதைவிடக் கொடியது. அரசாங்கத்தின் இறைச்சிக்கூடம் அங்கே அமைந்து 1988 வரை இயங்கியது. செங்கல் சூளை அமைந்தது. குடாவின் பெரும் பங்கு நிரப்பப்பட்டது. எதிர்க்கரையில் றோட்ஸில் 1928இல் ரிம்புறோல் என்ற இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. 1957இல் அது யூனியன் கார்பைட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆம், 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுவாயு யாருடைய ஆலையிலிருந்து கசிந்ததோ, அதே பெயர்தான். றோட்ஸில் களைகொல்லிகள் செய்தார்கள்; 2,4-டி, 2,4,5-ரி என்பவை அவற்றுள் இரண்டு. இரண்டாவதைச் செய்யும்போது டயொக்சின் என்ற நஞ்சு உடன் பிறக்கும். தொழிற்சாலைக் கழிவால் குடாவின் கரையை நிரப்பினார்கள். நஞ்சு சேற்றோடு சேர்ந்தது. சேறு மீனுக்குப் போனது.

அந்த இரண்டு களைகொல்லிகளையும் சரிபாதியாகக் கலந்தால் கிடைப்பதுதான் ஏஜன்ற் ஒரேஞ்ச். வியட்நாமில் அமெரிக்க விமானங்கள் 1960களில் அதைக் காடுகள்மேல் பொழிந்தன. மற்றக் காடுகள் இரண்டு மூன்று முறை தாங்கின. கண்டற்காடு ஒரே பொழிவில் பட்டுப்போனது. தென்வியட்நாமில் இலட்சம் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட கண்டல் அழிந்தது. சைகோனுக்குத் தெற்கே றுங் சற் என்ற கழிமுகக் காடு சாம்பல்நிற வெளியானது. கெரில்லாப் போராளிகள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதே அந்தக் காடு செய்த குற்றம். 1975இல் போர் முடிந்து, அகதிகள் படகுகளில் புறப்பட்டு, அவர்களில் பலர் வந்து குடியேறிய இடம் எது? கண்டற்புழுவின் பெயரைத் தாங்கிய கபிரமற்றா. அங்கிருந்து ரயிலேறினால் சற்று நேரத்தில் ஹோம்புஷ். ஊரில் காட்டைக் கொன்ற அதே நஞ்சு, தஞ்சம் புகுந்த ஊரின் ஆற்றடிச் சேற்றிலும் படிந்து கிடந்தது. அகதிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பார்க்கவேண்டிய தொடர்பு இது என்பது எம் எண்ணம்.

அந்தக் கதைக்கு ஒரு பின்பாதியும் உண்டு. 1978 முதல் ஹோ சி மின் நகரத்தார் றுங் சற்றில் மறுபடி நட்டார்கள். கா மௌ முனையிலிருந்து கண்டலின் நீண்ட நாற்றுக்காய்களைத் தோணிகளில் கொண்டுவந்தார்கள். இன்று கன் ஜியோ என்ற பெயரில் அது பெருங்காடு. 2000இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

சிட்னியில் மனமாற்றம் 1970களில் தொடங்கியது. 1971இல் ஹன்ரேர்ஸ் ஹில்லில் பரமற்றா ஆற்றோரமாக எஞ்சிநின்ற ஒரு சிறு காட்டை வீடுகட்ட விற்கப்போகிறார்கள் என்று அறிந்த 13 பெண்கள், கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். ஜக் மண்டி தலைமையிலான அந்தச் சங்கம், அங்கே எவரும் ஒரு கல்லும் வைக்கமாட்டோம் என்று அறிவித்தது. பச்சைத் தடை என்று உலகெங்கும் பின்னர் பேசப்பட்டது அங்கே பிறந்தது. கெலீஸ் புஷ் என்ற அந்தக் காடு கண்டற்காடல்ல. ஆனால் ஆற்றங்கரை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதன்பின் அடங்கவில்லை. ஜோர்ஜஸ் ஆற்றின் கரையில் அதே காலத்தில் குடியிருப்பாளர் சங்கங்கள் குப்பைகொட்டி மைதானம் ஆக்கும் நகரசபைகளோடு மோதின. ஹெதர் குடோல் என்ற வரலாற்றாசிரியர் 'ஜோர்ஜஸ் றிவர் புளூஸ்' என்ற நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தலைமுறைக்கு முன் சேறு என்று மூக்கைப் பொத்திய அதே புறநகர் மக்கள், கண்டலுக்காகக் கூட்டம் போட்டார்கள். மீன் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில் என்ற விஞ்ஞானம் அக்காலத்தில் பரவியது ஒரு காரணம். தம் வீட்டு யன்னலிலிருந்து தெரியும் காட்சி கெடக்கூடாது என்பதும் ஒரு காரணந்தான், அதை மறைப்பானேன்.

ஆனால் அந்தக் கரையில் மூத்த உரிமையாளர் வேறு. ஜோர்ஜஸ் ஆற்றில் கலக்கும் சோல்ற் பான் கிறீக் என்ற ஓடையருகே 1920களிலும் 30களிலும் ஓர் ஆதிவாசிகள் முகாம் இருந்தது. அரசின் பாதுகாப்புச் சபை குடும்பங்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்குத் தப்பியவர்கள் அங்கே கூடினார்கள். ஜோ அன்டர்சன், தம் மக்கள் மொழியில் பறக, 1933இல் செய்திப்படக் கமராவுக்கு முன்நின்று, இந்நாடு முழுவதும் ஒருகாலத்தில் தம் மக்களுடையது என்று பேசினார். சேறும் நுளம்பும் என்று எவரும் விரும்பாத நிலம் என்பதால்தான் அவர்களால் அங்கே இருக்க முடிந்தது. பயனற்றது என்று கருதப்படுவதும் சிலவேளை ஒரு பாதுகாப்பு.

1988 ஜனவரியில், குடியேற்றத்தின் இருநூறாண்டு விழாவுக்காக, ஹோம்புஷ் குடாவின் குப்பைமேட்டின்மேல் இருநூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. கண்ணாக்காடு அதன் ஒரு பகுதியாயிற்று. 1994இல் நியூ சவுத் வேல்ஸின் மீன்வள முகாமைச் சட்டம் அனுமதியின்றிக் கண்டலுக்குச் சேதம் விளைவிப்பதைக் குற்றமாக்கியது. தன் காணிக்கு முன்னால் நின்றாலும் கிளை முறிக்கக் கேட்கவேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்காக அப்பகுதியில் கிடந்த சுமார் 9 மில்லியன் கனமீற்றர் கழிவையும் கெட்ட மண்ணையும் திரட்டிக் குன்றுகளாக்கி மூடினார்கள். பூங்காவில் பட்டம் விடும் குன்றுகள் இயற்கைக் குன்றுகள் என்று எண்ணிவிடாதீர்கள். எனினும் ஆற்றடி நஞ்சு போய்விடவில்லை. 2006இல் சிட்னித் துறைமுகம் முழுவதிலும் வணிக மீன்பிடி டயொக்சினால் தடைசெய்யப்பட்டது. பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனையும் நண்டையும் உண்ணவேண்டாம் என்று அறிவித்தார்கள். கரையோரங்களில் அறிவிப்புப் பலகைகள் பல மொழிகளில் நிற்கின்றன. நண்டுக்கறி எம் பலவீனம் என்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது: தூண்டில் போடுங்கள், பிடித்ததைத் திரும்ப விடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு முரணைச் சொல்லாமல் போகமுடியாது. ஹோம்புஷ் பகுதியில் மிக நல்ல நிலையில் தப்பிய ஈரநிலம் எது என்றால், நியூயிங்ரனில் கடற்படையின் வெடிமருந்துக் கிடங்கு இருந்த நிலம். 1897 முதல் 1999 வரை அங்கே பொதுமக்கள் கால்வைக்க முடியவில்லை. எனவே கண்ணாவும் உப்புச் சதுப்பும் மேட்டுக்காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் காட்சி அங்கேதான் எஞ்சியது. மெல்பேணிலும் அதே கதை. வில்லியம்ஸ்ரவுனில் ஜோபோன் என்ற கரையில், போர்ட் பிலிப் குடாவின் மிகப்பெரிய கண்டற்கூட்டம் நிற்கிறது. அது தப்பியதற்குக் காரணம் துப்பாக்கிப் பயிற்சித் திடல். நூறாண்டளவாகக் குண்டு பறந்த இடத்தில் வீடுகட்ட எவரும் வரவில்லை. 2002இல் அதையொட்டிய கடற்பகுதி கடற் சரணாலயமானது.

இராணுவ வேலியால் தப்பிய காடு என்று கேட்கும்போது எமக்குள் ஏதோ நெருடுகிறது. எமது மண்ணில் வேலிகள் வேறு வேலை செய்தன. மட்டக்களப்பு வாவிக்கரையிலும் வீதியோரங்களிலும் பாதுகாப்பின் பேரால் கண்டல் வெட்டி வெளியாக்கப்பட்டது. வியட்நாமில் சொன்ன அதே நியாயம், கையில் கத்தியும் புல்டோசரும் என்பதே வேறுபாடு. மறுபுறம் மன்னார்ப் பெருங்கரையில் விடத்தல்தீவுக் கண்டல் போர்க்காலம் முழுவதும் பெரும் முதலீட்டாளர் எவர் கண்ணிலும் படாமல் நின்றது. 2008 ஜூலையில் அவ்வூர் இராணுவத்தின் கைக்கு மாறியது. 2016இல் அது இயற்கை ஒதுக்ககமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2024 மே மாதம் அந்த ஒதுக்ககத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழின வளர்ப்புக்காக விலக்கி வர்த்தமானி வெளியானது. புத்தளத்தில் இறால் பண்ணைகள் 1980களிலும் 90களிலும் கண்டலை வெட்டிக் குளம் தோண்டியதையும், 90களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் கைவிடப்பட்டதையும், கைவிட்ட குளங்களில் மரமும் இல்லை இறாலும் இல்லை என்றானதையும் கண்ட நாட்டில்தான் இது நடந்தது.

மெல்பேணுக்குத் திரும்புவோம். வெஸ்டேர்ன் போர்ட், பெயரில் மேற்கு என்றாலும் மெல்பேணுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. 1798இல் ஜோர்ஜ் பாஸ் சிட்னியிலிருந்து திமிங்கில வேட்டைப் படகொன்றில் வந்து, தான் கண்டவற்றில் மேற்கே இருந்த துறை என்பதால் அப்பெயரிட்டான். அதன் வடகரையில் கூ வீ றப் என்ற பெருஞ்சதுப்பு கிடந்தது. 1870கள் முதல் வாய்க்கால் வெட்டி அதை வடித்தார்கள். இன்று விக்டோரியாவின் அஸ்பராகசும் உருளைக்கிழங்கும் விளையும் நல்ல நிலம் அது. ஆனால் வடிந்த வாய்க்கால்கள் சேற்றைக் குடாவுக்குக் கொண்டுவந்து கொட்டின. குடாவின் அடியில் சாதாளை வெளிகள் சூரிய ஒளி இன்றி மடிந்தன. 1970களின் தொடக்கத்தில் சுமார் 250 சதுர கிலோமீற்றராக இருந்தவை 1984இல் 72 ஆகச் சுருங்கின. கரையில் கண்டல் இல்லாத இடங்களில் அலை மண்மேட்டை அரித்து இன்னும் சேற்றைச் சேர்த்தது. 1840களில் சவர்க்காரத்துக்காக எரித்த மரத்தின் வட்டியை இப்போது கட்டுகிறார்கள் என்று சொல்லலாம்.

லாங் லாங், கிறான்ட்வில் கரைகளில் தொண்டர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் கண்ணா நட்டுவருகிறார்கள். நட்டதில் பெரும்பகுதியை அலை பிடுங்கியது. திரும்ப நட்டார்கள். மெல்பேண் பல்கலைக்கழகத்தார் காங்கிரீற்றால் சிறு கூடுகள் செய்து கன்றைச் சுற்றி வைத்து, அலையின் வேகத்தைத் தணிக்கும் முறையைப் பரிசோதித்தனர். மரம் ஒன்று வேரூன்ற இத்தனை பாடு.

1982 முதல் வெஸ்டேர்ன் போர்ட் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம். அந்தப் பெயர் வெறும் பலகையல்ல என்பது இரண்டு தடவை நிரூபணமானது. கிறிப் பொயின்ற்றில் எரிவாயு இறக்குமதி முனையம் அமைக்க ஏஜீஎல் நிறுவனம் கேட்டபோது, 2021 மார்ச்சில் விக்டோரியாவின் திட்டமிடல் அமைச்சர் மறுத்தார். அதற்கு முன் ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் எதிர்த்து எழுதியிருந்தார்கள். இரண்டாவது இன்னும் சுவையானது. கடற்காற்றாலைகளைப் பொருத்துவதற்கான முனையத்தை ஹேஸ்ரிங்ஸில் அமைக்க விக்டோரிய அரசே முன்வந்தது. புவி சூடேறுவதைக் குறைக்கும் நல்ல வேலைதான். ஆனால் ஈரநிலத்தில் தோண்டி நிரப்ப வேண்டியிருந்தது. 2024 தொடங்கும் வேளையில் கூட்டாட்சிச் சுற்றாடல் அமைச்சர் ரான்யா பிளிபர்செக், விளைவு ஏற்கத்தக்கதல்ல என்று அதை நிராகரித்தது தெரியவந்தது. ஒரு தொழிற்கட்சி அரசு இன்னொரு தொழிற்கட்சி அரசுக்குச் சொன்ன பதில் அது. நல்ல காரியத்தின் பெயரால் நிரப்பலாமா என்ற கேள்வி இங்கே உண்மையில் கடினமானது. எதிர்த்தவர்களை வளர்ச்சியின் விரோதிகள் என்று தள்ளிவிட முடியவில்லை.

சிட்னியில் இன்னொரு சிக்கல் வளர்கிறது. கண்ணா மேடேறி உப்புச் சதுப்பை விழுங்குகிறது. கடல்மட்டம் உயர்வதும் மழைநீர்க் கால்வாய்ச் சேறும் அதற்கு உதவுகின்றன. 2004இல் கரையோர உப்புச் சதுப்பை நியூ சவுத் வேல்ஸ் அருகிவரும் சூழற்சமுதாயமாகப் பட்டியலிட்டது. எனவே ஒலிம்பிக் பூங்காவில் சில இடங்களில் பணியாளர் குனிந்து கண்ணாக் கன்றுகளைக் கையால் பிடுங்குகிறார்கள். சட்டத்தால் காக்கப்பட்ட மரத்தை, சட்டத்தின் அனுமதியோடு, இன்னொன்றைக் காக்கப் பிடுங்குவது.

மரம் நடுதல் எம்மவர் சங்கங்களுக்குப் பிடித்த பணி. 2004 டிசம்பர் 26க்குப் பின் கண்டல் நடப் பணம் குவிந்தது. கண்டல் அலையைத் தணித்தது என்று கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்த கட்டுரையொன்று 2005இல் சொன்னது. அக்கிராமங்கள் கடலிலிருந்து தூரத்திலும் மேட்டிலும் இருந்ததே காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். வாதம் எப்படியிருந்தாலும் இலங்கையில் நட்டவை என்னவாயின என்று 2017இல் வெளியான ஆய்வு கணக்குப் பார்த்தது. 1000 முதல் 1200 ஹெக்டேயர்வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயரே தேறியது. 23 இடங்களில் 9இல் ஒரு கன்றும் இல்லை. கண்ணா வளரும் மட்டத்தில் வேறினத்தை நட்டது, நட்ட இடத்தின் உயரம் பார்க்காதது, நட்டபின் திரும்பிப் பாராதது ஆகியவை காரணங்கள். படம் எடுத்தாயிற்று, அறிக்கை அனுப்பியாயிற்று. பிச்சாவரத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வேறு வழியில் போனார்கள். வெட்டிய இடத்தில் தரை தாழ்ந்து தண்ணீர் தேங்கி உப்பேறியதுதான் மரம் திரும்ப வராததற்குக் காரணம் என்று கண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடலை உள்ளே விட்டார்கள். வற்றும் பெருக்கும் திரும்பியதும் மரமும் திரும்பியது.

2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெற் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். யாழ்ப்பாணத்துக்கு மைதானம் வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. இங்கே சிட்னியில் அதற்குக் கைதட்டியவர்களில் நாமும் உண்டு. ஆனால் மண்டைதீவு பரவைக்கடலால் சூழ்ந்த தாழ்நிலம், கண்ணா நிற்கும் கரை. சூழலியலாளர் எச்சரிக்கை எழுப்பியிருக்கிறார்கள். ஹோம்புஷிலும் ஜோர்ஜஸ் ஆற்றிலும் சதுப்பின்மேல் மைதானம் போட்ட நகரம் ஒன்றில் இருந்துகொண்டு, எந்த உயரத்தில் நிரப்பப் போகிறீர்கள், மழைநீர் எவ்வழியே கடலுக்குப் போகும், தாம்போதியின் மதகுகள் எத்தனை, கண்ணா நிற்கும் கரையிலிருந்து வேலி எவ்வளவு தூரம் என்று நாம் கேட்கலாம். நன்கொடைக் கடிதங்கள் வரத் தொடங்கும்போது பதிலோடு சேர்த்து அனுப்பவேண்டிய கேள்விகள் இவை.